கருப்புக்கு ஊற்றும் கை

நல்லகாமனுக்கு எழுபத்தொரு வயது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு சாராயக் கடையின் முன்னால் போய் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. நின்ற அன்றைக்குக் கடை பூட்டிக் கிடந்தது.

ஊர்ப்பாதை பிரிகிற தேனி ரோட்டு விலக்கில் தை மாதப் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, மஞ்சள் பையை நான்காய் மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி வந்திருந்தார். நேராகப் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. முதலில் புளியமரத்தடியில் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டே நாலடி நகர்ந்தார். இப்படி நகர்ந்து நகர்ந்து கடை வாசலுக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் காளவாசல் பஸ் இரண்டு போய்விட்டன. இரண்டிலும் ஊர்க்காரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

எதிரே டீக்கடைக்காரன் கூப்பிட்டான். “பெரியவரே, பஸ்ஸு அங்கிட்டு நிக்காது. இங்கிட்டு வாங்க.”

“பஸ்ஸுக்கு நிக்கல.”

“பெறகு?”

நல்லகாமன் தொண்டையைச் செருமினார். “இந்தக் கடை எப்பத் தொறப்பான்?”

டீக்கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினான். “ஏன் பெரியவரே, காலங்காத்தாலயே கை நடுங்குதா?”

“எனக்கில்லப்பா. சாமிக்கு.”

“யாரு இல்லைன்னா? எல்லாரும் யாருக்காச்சும்தான் வாங்குறாங்க. ஒருத்தர் மாட்டுக்குச் சளிங்கிறாரு. ஒருத்தர் மாமனாருக்குங்கிறாரு. நீங்க சாமிக்கு. வாங்குங்க வாங்குங்க. ஆனா கடை எப்பவுமே மத்தியானம் பன்னண்டு மணிக்குத்தான் தொறப்பான். இன்னைக்கு அதுவும் கெடையாது. இருவத்தாறாந் தேதி. கொடியேத்துற நாளு. தமிழ்நாடு பூராம் லீவு.”

நல்லகாமன் கதவில் தொங்கிய பூட்டை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் ஒருத்தன் ஒளிச்சு வச்சிருப்பான். வெலைதான் ரெண்டு பங்கு” என்று டீக்கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான்.

“சாமிக்குத் திருட்டுச் சரக்கு வைக்கிற வம்சமில்லப்பா எங்க வம்சம்” என்று சொல்லிவிட்டு முதுகை நிமிர்த்தித் திரும்பினார். நிமிர்ந்த முதுகோடு பஸ் ஏறினார். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மடங்கி உட்கார்ந்துவிட்டது.

பொட்டல்பட்டிக்கு மேற்கே, மொச்சைக் காடு முடிகிற இடத்தில் ஆலமரம் நிற்கிறது. அதன் அடியில் ஆலடிக் கருப்பு. உருவம் கிடையாது. இடுப்புயரக் கல்லும் அதன் பக்கத்தில் நட்டுவைத்த அரிவாளும்தான். தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை படையல். கருப்புக்குச் சாராயம், பக்கத்துக் கல்லில் இருக்கும் சன்னாசிக்குப் புகை. அந்தக் காலத்தில் சன்னாசிக்குக் கஞ்சா வைத்தார்கள். போலீஸ், கேஸ் என்று பயம் வந்த பிறகு சுருட்டாக மாற்றினார்கள். சன்னாசி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கருப்பு அப்படி விட்டுக்கொடுக்கிற சாமியில்லை.

கருப்புக்கு ஊற்றும் கை மட்டும் குடியைத் தொட்டதாக இருக்கக் கூடாது. என்றைக்கோ ஒரு காலத்தில், ஊற்றப் போனவன் பாதி வழியிலேயே பானையைக் காலி செய்துவிட்டு வெறும் பானையோடு வந்து நின்றானாம். தாகத்தோடு எழுந்துபோன கருப்பு மூன்று வருடம் ஊரைக் காயப் போட்டாராம். அப்போது நல்லகாமனின் பாட்டனுக்குப் பாட்டன் கல்லின்மேல் கைவைத்து, “என் வம்சத்துல நாக்கு நனையாதவன் ஊத்துவான்” என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அந்த உரிமை இந்த வீட்டுக்கு. பொழுது பனைமர உயரத்துக்கு இறங்குவதற்குள் பாட்டில் கல்முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அடுத்த பங்காளிக்குச் சட்டம் கொஞ்சம் இளக்கம்: ஒரு வருடம் தொடாமல் இருந்தால் போதும்.

நல்லகாமன் நாற்பத்திரண்டு வருடமாக ஊற்றுகிறார். காய்ச்சலுக்கு வாங்கிய டானிக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மகன் சிவபாண்டி கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் நாக்கு எப்படி என்று இவர் விசாரித்ததில்லை. விசாரித்தால் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

பாட்டில் வாங்குவது மட்டும் எப்போதும் பேயாண்டி. தெருக்கோடியில் இருப்பவன்; வருடம் முழுக்கக் கடைக்குப் போகிறவன். படையலன்று காலையில் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். அதனால், பூமாலையைப் போலப் பாட்டிலையும் அன்றன்றைக்குத்தான் வாங்குவார்கள் போல என்று நல்லகாமன் நினைத்திருந்தார். இந்த வருடம் பேயாண்டி பழனிக்கு மாலை போட்டுவிட்டான். கடைப்பக்கம் போக மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். சரி, நாமே போய் வாங்குவோம் என்று கிளம்பியதுதான் இந்த வினை.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பேயாண்டிதான் எதிர்ப்பட்டான். பச்சை வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். ஆளே பளபளவென்று இருந்தான்.

“ஏண்ணே, வெறும் பையோட வாரீங்க?”

“கடை பூட்டிக் கெடக்குடா.”

“ஆத்தாடி! இன்னைக்கா போனீங்க? இருவத்தாறுல்ல!” பேயாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். “வருசத்துல எட்டு நாளு கடை கெடையாதுண்ணே. எம் பொண்டாட்டி பொறந்த நாளு எனக்குத் தெரியாது. இந்த எட்டு நாளும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

“அப்ப நீ படையலன்னைக்கு வாங்குறதில்லையா?”

“ரெண்டு நாளைக்கு முந்தியே வாங்கி நெல்லுக் குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்சிருவேன். வெளிய வச்சா நானே குடிச்சுப்புட மாட்டேனா?”

“இத என்கிட்டச் சொன்னா என்னடா?”

“ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும்ணே இது. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

உண்மைதான். பொட்டல்பட்டியில் கடை லீவு நாள் தெரியாத ஒரே வீடு, சாமிக்குப் பாட்டில் வைக்கும் வீடு.

நல்லகாமன் வீட்டுக்குள் நுழைந்தபோது சோலையம்மாள் படையலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்புக்குப் புளி கொதித்தது. வாசலில் ஒரு பைக் நின்றது. பங்காளி மகன் முத்துப்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். போர்வெல் லாரி ஓட்டுகிறவன். கடைவாசலில் இவரைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் அதற்குள் போன் போட்டிருக்கிறார்கள்.

“பெரியப்பு, கேள்விப்பட்டேன்” என்று எழுந்தான். முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. “கவலைப்படாதீக. சனிக்கிழமையே நான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். சீல் உடைக்காத பாட்டிலு.”

“எதுக்கு வாங்குன?”

“குடிக்கிறதுக்கில்ல. போன தை மாசத்துல இருந்து நான் தொடல. கேட்டுப் பாருங்க. ஒரு வருசம் முழுசா ஆயிருச்சு.”

“அப்படின்னா அந்தப் பாட்டில என்கிட்டக் குடு. வெலையத் தந்துர்றேன்.”

முத்துப்பாண்டி காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். “பாட்டிலு ஏம் பாட்டிலு பெரியப்பு. அப்ப ஊத்துற கையும் ஏங் கைதான. ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது?”

“ஒரு வருசமா இதுக்காகவா காஞ்ச?”

“உங்களுக்கும் வயசாகுது. சிவபாண்டி வாரதில்ல. உரிமை நம்ம தெருவ விட்டுப் போயிரக் கூடாதுல்ல?” என்றவன், பைக்கை எடுக்கும்போது, “நாலு மணிக்குக் கோயிலுக்கு வந்துர்றேன். நீங்க எதுவும் கொண்டாந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். கொண்டாரலைன்னா நான் ஊத்துறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நல்லகாமன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து தலைமுறையாகக் காய்ந்த நாக்கு இன்றைக்கு நாலு மணியோடு முடிந்தது என்று நினைத்தபோது மொச்சை வாசனைகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

“இடிஞ்சு போயி நிக்காதீக” என்றாள் சோலையம்மாள், உரிப்பதை நிறுத்தாமல். “கடையில வாங்குனாத்தானா? டீச்சர் வீட்டு ஜாடியில இருக்கு.”

“எந்த டீச்சர்?”

“ஊருக்கு எத்தன டீச்சர்? மரியம்மா டீச்சர்தான். கிறிஸ்மஸுக்குப் பன்னீர்த் திராட்சையில ஒயினு போடுறாங்கல்ல. கால் ஜாடி கெடக்கு. போன வாரங்கூடப் பாத்தேன்.”

“நீ அங்க போறியா?”

“நீங்கதான பேசுறதில்ல. நான் எதுக்குப் பேசாம இருக்கணும்?”

இரண்டு வருடமாயிற்று. பள்ளிக்கூடம் போகிற பாதையில் சாராயக் கடையைத் திறந்தபோது, மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மரியம்மாள் டீச்சர், பெண்களைத் திரட்டிக்கொண்டு கடை முன்னால் உட்கார்ந்தார். கடையை மூடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து நல்லகாமன் போட வேண்டும் என்று வீட்டுக்கே வந்தார். ஊரிலேயே குடியைத் தொடாத மனிதர் இவர்தானே. நல்லகாமன் போட மாட்டேன் என்றுவிட்டார். கடையை மூடிவிட்டால் கருப்புக்கு எங்கே போவது? அப்போது டீச்சர் தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: “குடிக்காத மனுசன் குடிக்குக் காவல் நிக்கிறாரு.” அதன்பிறகு கடையை விலக்குக்கு மாற்றிவிட்டார்கள். நல்லகாமன் டீச்சர் வீட்டு வழியாகப் போவதை நிறுத்திவிட்டார்.

“நீ போயி வாங்கிட்டு வா” என்றார் மனைவியிடம்.

“எனக்கு அடுப்புல ஒலை கெடக்கு. சாமி உங்க சாமி. உரிமை உங்க உரிமை. கால் உங்களுக்கு இருக்குல்ல?”

மரியம்மாள் டீச்சர் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்திருந்தார். சேலையில் சின்னக் கொடி குத்தியிருந்தது. வாசலில் நிழல் தெரிந்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“யாரு, நல்லகாமண்ணனா? வழி தவறிட்டீங்களா?”

“இல்ல டீச்சர். ஒரு உதவி.”

“கையெழுத்து எதுவும் வேணுமா?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. நல்லகாமன் வாங்கிக்கொண்டார். “உங்க வீட்ல ஒரு ஜாடி இருக்காம்.”

“ஊறுகா ஜாடியா?”

“அதில்ல.”

“உப்பு ஜாடியா?”

“டீச்சர், என்னைய பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுக் கேக்குற மாதிரி கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியும்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொன்னார். நல்லகாமன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். விலக்கில் நின்றது, பேயாண்டி சொன்னது, முத்துப்பாண்டியின் பாட்டில். டீச்சர் கேட்டு முடித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார்.

“அண்ணே, என் தம்பி ஆலன் குடிச்சே செத்தவன். உங்களுக்குத் தெரியும். நாலு பேரு தூக்குனதுல நீங்களும் ஒருத்தரு. அப்படி இருந்தும் அன்னைக்குக் கையெழுத்து மாட்டேன்னீங்க. உங்க சாமி வருசத்துக்கு ஒரு நாளு குடிக்கும். அதுக்காக முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் புள்ளைங்க போற பாதையில கடை இருக்கணுமா?”

நல்லகாமன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க கேட்டதுல நியாயம் இருந்துச்சு. எனக்குப் பதில் இல்ல. பதில் இல்லாமத்தான் பேசாம இருந்தேன். கோவத்துல இல்ல.”

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து டீச்சர் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதில்லை.

“எங்க கோயில்லயும் பீடத்துல திராட்சை ரசம் இருக்கு” என்றார் டீச்சர். “சாமியார் தூக்கிக் காட்டுறப்ப நான் முழங்கால் போடுறேன். அதுக்காகத் தெருவுல விழுந்து கெடக்கிறவனப் பாத்து முழங்கால் போட முடியுமா? சாமிக்கு வைக்கிறது வேற. மனுசன் ஊத்திக்கிறது வேற.”

“அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன்.”

“அன்னைக்கு நீங்க இதச் சொல்லலையே.”

“அன்னைக்கு நீங்களும் இதச் சொல்லலையே.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டீச்சர் எழுந்தார். “வாங்க. ஜாடி கனம். என்னால சாய்க்க முடியாது.”

“உங்க ஃபாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“தாகம்னு கேட்டாங்க, குடுத்தேன்னு சொல்வேன். அதுக்கு மேல அவரு கேட்டா, அவருக்குக் கிறிஸ்மஸுக்கு ரெண்டாவது டம்ளர் ஊத்துனது யாருன்னு நான் கேப்பேன்.”

அடுப்படி மூலையில், சாக்கு சுற்றி, பீங்கான் ஜாடி இருந்தது. மூடியைத் திறந்ததும் திராட்சையும் கிராம்பும் பட்டையும் புளித்த இனிப்பும் கலந்த வாசனை எழுந்து வீட்டை நிறைத்தது. நல்லகாமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இவர் ஜாடியைச் சாய்த்தார்.

“மெதுவா அண்ணே. அடியில மண்டி கெடக்கு.”

செக்கச்செவேலென்று ஒழுகியது. பாட்டில் முக்கால்வாசி நிறைந்தபோது அடியில் கிடந்த கிராம்பும் தோலும் ஒன்றாகத் திரண்டு வந்து துணியில் பொத்தென்று விழுந்தன. விழுந்த வேகத்தில் துணியில் தேங்கியிருந்தது துள்ளித் தெறித்தது. டீச்சரின் கண்ணாடியில் ஒன்று, சுவரில் நாலைந்து, நல்லகாமனின் மீசையில் ஒரு பெரிய சொட்டு.

சொட்டு மீசையிலிருந்து உதட்டுக்கு இறங்கியது. எழுபத்தொரு வருடம் கட்டிக் காத்த நாக்கு, எசமானைக் கேட்காமலே வெளியே வந்து, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஜாடியைப் பிடித்தபடியே நல்லகாமன் சிலையாக நின்றார்.

“கீழ வைங்க, கீழ வைங்க” என்று டீச்சர் பதறி ஜாடியை இறக்க உதவினார். “ஒரு சொட்டுதான அண்ணே. தெரியாமப் பட்டது. யாரு கண்டா?”

“நீங்க கண்டீங்க.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நான் கண்டேனே டீச்சர்” என்றார் நல்லகாமன்.

மாலை நாலு மணிக்கு ஆலமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. மொச்சைக் காட்டின்மீது வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. வாழை இலைகளில் பச்சரிசிச் சோறு மலைபோலக் குவிந்திருக்க, மேலே அவித்த முட்டை, பக்கத்தில் மொச்சையும் கருவாடும். சன்னாசிக் கல்லில் சுருட்டு புகைந்தது. பறைக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். கோயில் எல்லையைத் தாண்டி, வரப்பில், மரியம்மாள் டீச்சர் குடை பிடித்து நின்றார். பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்ததாகச் சோலையம்மாளிடம் சொன்னார்.

நல்லகாமன் ஹார்லிக்ஸ் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் கொண்டுவந்தார். மறைக்கவில்லை. பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

“அது என்னாண்ணே, ஜூஸா?” என்றான் பேயாண்டி.

“திராட்சை ரசம். டீச்சர் வீட்டுது” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சலசலப்பு எழுந்தது. முத்துப்பாண்டி தன் பாட்டிலோடு முன்னால் வந்தான். “பெரியப்பு, இதச் சாமி ஏத்துக்கிருமா?”

“அது சாமி சொல்லும்.”

பறை முழங்கியது. கொஞ்ச நேரத்தில் அழகுபாண்டிமேல் கருப்பு இறங்கினார். அழகுபாண்டி மற்ற நாளில் கரண்ட் கம்பத்தில் ஏறுகிற ஆள். நல்லகாமனைக் கண்டால் “மாமா” என்று பத்தடி தள்ளி நின்று பேசுகிறவன். இப்போது அரிவாளை உருவிக்கொண்டு, நாக்கைத் துருத்தி, கல்லைச் சுற்றி மூன்று சுற்று வந்து, அவர் முன்னால் நின்றான்.

“டேய் நல்லகாமா! தாகம்டா!”

இனி வழக்கம் தெரிந்ததுதான். கல்லின்மேல் வலது கையை வைத்து, “என் நாக்கு காஞ்சிருக்கு, உன் நாக்கு நனையட்டும்” என்று சொல்லி ஊற்ற வேண்டும். நாற்பத்திரண்டு தடவை சொன்ன வார்த்தை. நல்லகாமன் கையை வைத்தார். கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வரப்பில் டீச்சர் குடையை இறுக்கிப் பிடித்தார்.

“சொல்றா!” என்றது சாமி.

“சாமி, என் நாக்கு காஞ்சு இல்ல.”

பறை நின்றுவிட்டது. சோலையம்மாள் இலை போடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“காலையில வடிகட்டுறப்ப ஒரு சொட்டுத் தெறிச்சு உதட்டுல பட்டுருச்சு. நாக்கு எடுத்துக்கிருச்சு. துப்பியிருக்கலாம். துப்பல. இத மறைச்சுட்டு ஊத்துனா எங்க அப்பன் பாட்டன் மூஞ்சியில நான் முழிக்க முடியாது. உரிமைய நீயே யாருக்கு வேணுமோ குடுத்துக்க சாமி.”

முத்துப்பாண்டி ஒரு அடி பின்னால் போனான். சாமி அரிவாளைத் தரையில் ஊன்றி, நல்லகாமனின் முகத்துக்கு மிக அருகில் வந்து, கண்ணை உருட்டிப் பார்த்தது.

“எப்படிரா இருந்துச்சு?”

நல்லகாமன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கருப்பின் முன்னால் ஒரு பொய் சொல்லாமல் தப்பித்தவர், இப்போது மட்டும் எப்படிச் சொல்வது?

“நல்லாருந்துச்சு சாமி.”

முதலில் பேயாண்டிதான் சிரித்தான். பிறகு பறைக்காரர்கள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கியது. ஆலமரத்துக் காக்கைகள் பறந்து போகிற அளவுக்கு ஊர் சிரித்தது. சாமியும் சிரித்தது, சிரித்துச் சிரித்து அழகுபாண்டியின் சலங்கை குலுங்கியது.

“பொய் சொல்லாத நாக்குதான்டா” என்றது கடைசியில். “ஆனா நனைஞ்ச நாக்கு. நனைஞ்ச நாக்கு எனக்கு ஊத்தக் கூடாது. உன் வீட்ல காஞ்ச நாக்கு யாரு?”

நல்லகாமன் மெதுவாகத் திரும்பிச் சோலையம்மாளைப் பார்த்தார். டீச்சர் வீட்டில் இவளுக்கு என்னென்ன பழக்கமோ, யார் கண்டார்?

சோலையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “ஜாடியக் கிண்டி விட்டுருக்கேன் சாமி. திராட்சைய மிதிக்காத கொறையா பெசஞ்சு குடுத்துருக்கேன். நாக்குல வச்சதில்ல. எனக்குச் சுகரு. இனிப்பு ஆகாது.”

மறுபடி சிரிப்பு. முத்துப்பாண்டி மட்டும் கையைத் தூக்கினான். “சாமி, பொம்பள கை ஊத்துன வழக்கமில்ல.”

“தாகமா இருக்கிறவன் நானாடா, நீயாடா?” என்று சாமி ஒரு சத்தம் போட்டது. “வம்சத்துல நாக்கு நனையாதவங்க ஊத்தணும். இவ அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு அம்பது வருசமாச்சு. அப்பறம் என்னா?”

முத்துப்பாண்டி கையை இறக்கினான். ஒரு நிமிடம் தன் பாட்டிலையே பார்த்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு வருசம் சும்மாவே காஞ்சேனே” என்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பொண்டாட்டி கனகாவின் குரல் கணீரென்று வந்தது. “அடுத்த வருசமும் காஞ்சுக்கிட்டே இரு. வீட்ல நாங்க நல்லாத்தான் இருக்கோம்.”

சோலையம்மாள் கல்லின்மேல் கை வைத்தாள். வார்த்தை பிசகாமல், உரக்க, தெரிந்த பாட்டைச் சொல்வது போலச் சொன்னாள். நாற்பத்திரண்டு வருடமாக இலைபோட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தவள்தானே. பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து நின்ற சாமியின் வாயில், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள். நல்லகாமன் ஊற்றும்போது பாதி கல்லில் சிந்தும். இதை ஊரே கவனித்தது.

சாமி விழுங்கியது. கண்ணை மூடியது.

“என்னா இனிக்குது? கிராம்பு போட்டிருக்கா?”

“நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை” என்று வரப்பிலிருந்து டீச்சர் தன்னை மறந்து பதில் சொன்னார். சொன்ன பிறகு குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“நல்லாருக்கு” என்றது சாமி. “நல்லகாமன் சொன்னது நெசந்தான்.”

பறை மறுபடி எழுந்தது. குலவைச் சத்தம் காட்டைத் தாண்டிப் போனது. சாமி முத்துப்பாண்டியைப் பார்த்துக் கையை நீட்டியது. “அதையும் கொண்டாடா. அவளே ஊத்தட்டும்.” முத்துப்பாண்டி ஓடிவந்து பாட்டிலைச் சோலையம்மாளிடம் கொடுத்தான்.

அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கல்லடியில் வைத்துவிட்டு, புதுப் பாட்டிலின் சீலைத் திருகி உடைத்தாள். மூடியைத் தரையில் வைக்க மனசில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, “இந்தாங்க, இதப் பிடிங்க” என்றாள்.

நல்லகாமன் முதுகை நிமிர்த்தி, மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்றார்.